எல்லையைத் திருத்தும் உரிமை யாருடையது? பிலடெல்பியாவிலிருந்து பொதட்டூர்பேட்டை வரை

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி பொதட்டூர்பேட்டை மாநிலம் மாறியது. முதல் நாள் வரை அது ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர். அன்று முதல் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். நெசவாளர் யாரும் தறியைக் கழற்றவில்லை, யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. தெருவில் தமிழும் தெலுங்கும் முன்போலவே கலந்து புழங்கின. நிலவரி போய்ச் சேரும் கருவூலம் மாறியது. மேல்முறையீட்டுக்கு ஐதராபாத் போகவேண்டியிருந்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பினார்கள். இதைச் செய்தது 1959-ஆம் ஆண்டின் 56-ஆம் சட்டம். ஆந்திரப் பிரதேசம், சென்னை எல்லை மாற்றச் சட்டம் என்று அதற்குப் பெயர். நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை அதற்குப் போதுமானதாக இருந்தது. அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

அமெரிக்காவில் ஒரு சிற்றூரை இப்படி இடம் மாற்ற வாஷிங்டன் காங்கிரஸால் முடியாது. அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 4-ஆம் உறுப்பு, ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் புதிய மாநிலம் அமைக்கவோ, மாநிலங்களின் பகுதிகளைச் சேர்த்து வேறொன்றை உருவாக்கவோ, சம்பந்தப்பட்ட சட்டமன்றங்களின் ஒப்புதல் கட்டாயம் என்கிறது. கருத்துக் கேட்டால் போதாது, ஒப்புதல் வேண்டும். இரண்டும் கூட்டாட்சி நாடுகள்தாம், இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டவைதாம். பிறகு ஏன் ஒன்று தன் மாநில எல்லைகளைக் கல்லில் வெட்டியது, மற்றொன்று அவற்றைப் பென்சிலால் வரைந்தது? விடை தேடி, அமெரிக்க அரசியல் சாசனத்தை வரைந்த 1787-ஆம் ஆண்டின் பிலடெல்பியா மாநாட்டுக்குப் போவது வழக்கம். என் கணிப்பில் அது தாமதமான புள்ளி. அமெரிக்க ஆட்சிமுறையின் வேர் அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் முன்பு, வணிகக் கம்பெனிகளுக்கு அரசர் கொடுத்த சாசனப் பத்திரங்களில் இருக்கிறது. அந்தப் பத்திரங்களின் உறவுப் பத்திரம் ஒன்று சென்னைக் கடற்கரையிலும் வந்து இறங்கியது.

1600-இல் எலிசபெத் அரசியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் தந்தார். 1606-இல் முதலாம் ஜேம்ஸ் விர்ஜீனியா கம்பெனிக்குத் தந்தார். 1629-இல் முதலாம் சார்லஸ் மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்குத் தந்தார். காலப்போக்கில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அச்சுக்கு வந்தன: பங்குதாரர்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர், உதவியாளர் குழு, எல்லாருமாகக் கூடும் பொது மன்றம். ஆனால் மாசசூசெட்ஸ் சாசனத்தில் அந்தப் பொது மன்றம் எங்கே கூட வேண்டும் என்று எழுதப்படவில்லை. பியூரிட்டன் பங்குதாரர்கள் 1629 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் கூடி, சாசனத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கடல் கடப்பது என்று முடிவு செய்தார்கள். மறு ஆண்டு ஜான் வின்த்ராப் தலைமையில் கப்பல்கள் சென்று சேர்ந்தபோது, பங்குதாரர் கூட்டமே குடியேற்றத்தின் சட்டமன்றமாகிவிட்டது. அந்த மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வப் பெயரில் கம்பெனிக் கூட்டத்தின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விர்ஜீனியாவிலோ கம்பெனி லண்டனில் இருந்தபடியே 1619-இல் ஜேம்ஸ்டவுனில் ஒரு பிரதிநிதிகள் அவையைக் கூட்ட அனுமதித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர் மன்றம் மட்டும் கடைசிவரை லண்டனை விட்டு நகரவில்லை. சென்னையில் இருந்தவர்கள் சம்பளத்துக்கு வந்த ஊழியர்கள். அவர்களுக்கு வாக்கும் இல்லை, அவர்கள் ஆண்ட மக்களுக்கும் இல்லை. ஒரே சட்டக் கருவி இரண்டு கண்டங்களில் இரண்டு விதமாக முளைத்ததற்கு, கூட்டம் எந்தக் கரையில் கூடியது என்ற சில்லறை விஷயம் பெரும் காரணம்.

1687-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். அந்த ஆண்டு இரண்டாம் ஜேம்ஸ் அரசர் அமெரிக்கக் குடியேற்றங்களின் சாசனங்களைப் பறித்துக்கொண்டிருந்தார். மாசசூசெட்ஸின் சாசனம் 1684-இலேயே ரத்தாகிவிட்டது. 1686 முதல் வடகிழக்குக் குடியேற்றங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து, எல்லைகளை அழித்து, சட்டமன்றங்களைக் கலைத்து, எட்மண்ட் ஆண்ட்ராஸ் என்ற ஆளுநரின் கீழ் 'நியூ இங்கிலாந்து டொமினியன்' என்ற ஒரே நிர்வாகமாக்கினார்கள். கனெக்டிகட் மக்கள் தங்கள் சாசனத்தை ஒரு கருவாலி மரப் பொந்தில் ஒளித்துவைத்ததாக அங்கே ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அதே ஆண்டு டிசம்பரில், அதே அரசரின் அனுமதியோடு, சென்னை நகராட்சிக்கு ஒரு சாசனம் கையெழுத்தானது. கம்பெனி இயக்குநர்களின் கணக்கு சாமர்த்தியமானது: தாங்களே தங்களுக்கு விதித்துக்கொள்ளும் வரியை மக்கள் முகம் சுளிக்காமல் கட்டுவார்கள். 1688 செப்டம்பர் 29-இல் மாநகராட்சி தொடங்கியது. அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் கனெக்டிகட்டின் கில்ஃபோர்டு ஊரில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். சொந்த ஊரில் மக்களாட்சிச் சாசனங்கள் பறிபோய்க்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஊர்க்காரர்கள் சென்னையில் ஒரு சாசனத்தைத் திறந்துவைத்தார்கள். வரி வசூல் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பது வேறு கதை.

1689 ஏப்ரலில் பாஸ்டன் மக்கள் ஆண்ட்ராஸைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். பழைய எல்லைகளும் மன்றங்களும் திரும்பின. மாசசூசெட்ஸுக்கு 1691-இல் புதிய சாசனம் கிடைத்தது. மூன்றே ஆண்டு நீடித்த அந்த டொமினியனைப் பொதுவான வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அதன் வடு ஆழமானது. தொலைவில் உள்ள ஒரு அதிகாரம் நம் எல்லையையும் மன்றத்தையும் ஒரே கையெழுத்தில் அழித்துவிட முடியும் என்பதை அந்தக் குடியேற்றங்கள் நேரில் பார்த்துவிட்டன.

அதே பயம் 1774-இல் மறுபடி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கடனில் மூழ்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தது. ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவுக்கு. தேயிலைச் சட்டம் அமெரிக்காவுக்கு. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நம் கம்பெனியின் சரக்கு. அதற்குத் தண்டனையாக நாடாளுமன்றம் மாசசூசெட்ஸ் சாசனத்தை ஒருதலையாக மாற்றியது. கூடவே வந்த கியூபெக் சட்டம், கியூபெக்கின் எல்லையை ஓஹையோ ஆறு வரை நீட்டியது. அந்த நிலத்தின் மேல் விர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் கனெக்டிகட்டும் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தன. 1776 விடுதலைப் பிரகடனம் அரசருக்கு எதிராக அடுக்கும் குற்றச்சாட்டுகளில் இந்த இரண்டும் உண்டு: சாசனங்களைப் பறித்தது, பக்கத்து மாகாணத்தின் எல்லையை அகட்டியது. பிரகடனத்தின் முகப்பு வரிகளே பள்ளிப் பாடமாகிவிட்டதால் இந்தக் குறைப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. எல்லைத் தகராறும் அமெரிக்கப் புரட்சியின் ஒரு காரணம் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

ஆகவே 1776-இல் புதிய நாடு பிறந்தபோது மாநிலங்கள் புதிதாகப் பிறக்கவில்லை. கனெக்டிகட் 1662 சாசனத்தை அரசர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு 1818 வரை அரசியல் சாசனமாக வைத்துக்கொண்டது. ரோட் தீவு 1663 சாசனத்தை 1843 வரை விடவில்லை. மற்ற மாநிலங்கள் சொந்தமாக எழுதிக்கொண்டன. அவற்றில் ஜான் ஆடம்ஸ் வரைந்த 1780-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் ஆளுநர், இரண்டு அவைகள், தனித்து நிற்கும் நீதிமன்றம் என்று ஏழு ஆண்டு கழித்துப் பிலடெல்பியாவில் நாம் பார்க்கப்போகும் ஏற்பாடு பெரிதும் அதில் வந்துவிட்டது. மான்டெஸ்கியூவும் ஜான் லாக்கும் அந்தத் தலைமுறையின் மேசையில் இருந்த புத்தகங்கள் என்பதில் ஐயமில்லை. இரோக்வாய் பழங்குடிக் கூட்டமைப்பும் முன்மாதிரி என்று 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸே தீர்மானம் போட்டது. வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. புத்தகமும் முன்மாதிரியும் இருக்கட்டும். நூற்றைம்பது ஆண்டு தன் வரியைத் தானே விதித்துப் பழகிய மன்றங்கள் இல்லாமல் அந்தப் புத்தகங்களால் என்ன செய்திருக்க முடியும்?

அந்த மன்றங்களுக்கு இடையே எல்லைச் சண்டைக்கும் குறைவில்லை. வரைபடம் பார்க்காமல் அரசர்கள் நிலம் வழங்கியதன் விளைவு அது. பென்சில்வேனியாவின் பென் குடும்பத்துக்கும் மேரிலாந்தின் கால்வர்ட் குடும்பத்துக்கும் பல பத்தாண்டுகள் நடந்த தகராறு லண்டன் நீதிமன்றம் வரை போய், 1763 முதல் 1767 வரை சார்லஸ் மேசனும் ஜெரமையா டிக்சனும் கல் நட்டு அளந்த கோட்டில் முடிந்தது. இன்னொரு தகராறு நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டாம் சார்லஸ் 1662-இல் கனெக்டிகட்டுக்கு மேற்குக் கடல் வரை நிலம் எழுதிக்கொடுத்தார். 1681-இல் அதே அரசர் அதன் ஒரு பகுதியை வில்லியம் பென்னுக்கும் எழுதிக்கொடுத்தார். சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் உள்ள வயோமிங் பள்ளத்தாக்கில் கனெக்டிகட்காரர்கள் குடியேறி, தங்கள் பிரதிநிதிகளை ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியா அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்றது. துப்பாக்கிச் சண்டைகள் நடந்தன.

அப்போது நடப்பில் இருந்த கூட்டமைப்புச் சாசனத்தின் 9-ஆம் உறுப்பு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: இரு மாநில முகவர்களும் சேர்ந்து நடுவர்களைத் தேர்வது, முடியாவிட்டால் காங்கிரஸ் பட்டியல் தர, மாறி மாறிப் பெயர்களை அடித்து, மிச்சத்தில் சீட்டுக் குலுக்குவது. இங்கே இரு தரப்பும் ஒத்துப்போய், ஐந்து நடுவர்கள் டிரென்டனில் அமர்ந்து, 1782 டிசம்பர் 30-இல் ஒருமனதாகப் பென்சில்வேனியாவுக்குத் தீர்ப்பளித்தார்கள். காரணம் சொல்லாத, சில வரித் தீர்ப்பு. மாநிலங்கள் இரண்டும் ஏற்றுக்கொண்டன. குடியேறியவர்களின் பட்டா என்ன ஆகும் என்பதை நடுவர்கள் தொடவில்லை. அது தீர 1799 வரை ஆயிற்று. நடுவர் தீர்ப்பை ஏற்று இரண்டு மாநிலங்கள் ஓர் எல்லையை ஒப்புக்கொண்ட அந்த முன்னுதாரணம்தான், பிறகு மாநிலங்களுக்கிடையிலான வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றம் விசாரிக்கும் ஏற்பாடாக வளர்ந்தது. நம் சாசனத்தின் 131-ஆம் பிரிவும், அதற்கு முன்னோடியான 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 204-ஆம் பிரிவும் அதே வரிசையில் வருபவை.

இனி பிலடெல்பியா. 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை 55 பேர் கூடிப் பேசினார்கள். 39 பேர் கையெழுத்திட்டார்கள். ரோட் தீவு ஆளே அனுப்பவில்லை. சிறிய, பெரிய மாநிலங்களுக்கு இடையே ஜூலை 16-இல் எட்டிய சமரசம் எல்லாரும் அறிந்தது: ஓர் அவையில் மக்கள்தொகைப்படி, மற்றதில் மாநிலத்துக்குச் சமமாக. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய பேரமும் அந்தச் சமரசத்தின் பங்காளிதான். எல்லை பற்றிய விவாதம் ஆகஸ்ட் கடைசியில், எல்லாரும் களைத்துப்போன பிறகு வந்தது. மேரிலாந்தின் லூதர் மார்ட்டின் எழுந்தார். மலைக்கு அப்பால் குடியேறியவர்கள் தனி மாநிலம் கேட்டால், தாய் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அவர்களை என்றென்றும் பெரிய மாநிலங்களின் பிடியில் வைப்பதாகும் என்றார். சிறிய மாநிலங்களின் உரிமை பேசப்பட்டபோது மாநிலம் என்பதே வெறும் கற்பனை என்றவர்கள், பெரிய மாநிலங்களின் நிலத்தைத் தொட்டதும் அதைப் புனிதமாக்குகிறார்கள் என்று இடித்துரைத்தார். எதிர்ப்பக்கத்தில் கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவியல்ல, அவர் பெயரே அதுதான்) ஒரே மிரட்டலில் முடித்தார்: ஒப்புதலின்றிப் பெரிய மாநிலங்களை உடைக்கலாம் என்றால் அவற்றின் பிரதிநிதிகள் எழுந்து போய்விடுவார்கள். மார்ட்டின் தோற்றார். சில நாட்களில் மாநாட்டை விட்டே போனார், சாசனத்தில் கையெழுத்திடவில்லை. ஒப்புதல் விதி பெரிய, சிறிய மாநிலங்கள் இரண்டின் அச்சத்தையும் தணிக்கிறது என்று பிறகு ஜேம்ஸ் மேடிசன் ஃபெடரலிஸ்ட் 43-ஆம் கட்டுரையில் விளக்கினார். அது அச்சத்தைத் தணிக்க வந்த விதி; அதை நீதிக்கான விதி என்று மேடிசனும் சொல்லவில்லை. யாருடைய ஒப்புதலும் கேட்கப்படாமல் பறிபோன பழங்குடி நிலங்கள் அந்த விவாதத்தில் வெறும் 'மேற்கு நிலங்கள்'.

இப்போது பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பலாம்; வழியில் அமெரிக்காவில் நடந்த ஒரு பிரிட்டிஷ் தோல்வி குறுக்கிடுகிறது. 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், ஐந்தே ஆண்டில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். 1793-இல் வங்காளத்தில் அவர் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் 1802-இல் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. கர்நாடக நவாபிடமிருந்து 1801-இல் கம்பெனி எடுத்துக்கொண்ட இந்த வட்டாரத்தில், பழைய பாளையமான கார்வேட்டிநகர் அதன்படி ஜமீனாயிற்று. திருத்தணிப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த ஜமீனில் அடங்கியது. இங்கே கம்பெனி வரைந்த கோடுகளுக்கு ஒரே நோக்கம்: யார் எவ்வளவு கிஸ்தி கட்ட வேண்டும். எல்லைக்கு உள்ளே கூடிப் பேசும் மன்றம் எதுவும் கிடையாது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதும் அதே நிர்வாக வசதிதான் அளவுகோல். திருத்தணி தாலுகா புதிய மாவட்டத்துக்குப் போனது. எல்லாம் ஒரே சென்னை மாகாணத்துக்குள் இருந்ததால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறவரா தெலுங்கு பேசுகிறவரா என்று மாவட்டக் கோடு கேட்காது. மாநிலக் கோடு கேட்கும். 42 ஆண்டு கழித்து மாவட்டக் கோடே மாநிலக் கோடாகும் என்று 1911-இல் யார் நினைத்தார்கள்!

பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் மாகாணங்களைத் தன் விருப்பப்படி வெட்டி ஒட்டியது. 1905 வங்கப் பிரிவினை அதில் பேர்போனது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 290-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை முறைப்படுத்தியது. மாகாண எல்லையை மாற்றலாம்; அதற்கு முன் சம்பந்தப்பட்ட மாகாணத்தின் கருத்தை அறிய வேண்டும்; கருத்து கட்டுப்படுத்தாது. 1936 ஏப்ரல் 1-இல் ஒரிசாவும் சிந்துவும் தனி மாகாணங்களாயின. நம் அரசியல் சாசனத்தின் 3-ஆம் பிரிவு இந்த 290-இன் நேர்வாரிசு. ஜேம்ஸ் அரசரும் 1774-இன் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் செய்ததைக் கண்டு மிரண்டு அமெரிக்கர்கள் எந்த அதிகாரத்துக்குப் பூட்டுப் போட்டார்களோ, அந்த அதிகாரத்தை நாம் சாவியோடு வாங்கிக்கொண்டோம். வாங்கியதை அறியாமல் வாங்கவில்லை.

1948 நவம்பர் 17-இல் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எல்லை மாற்றத் திட்டம் எதுவும் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய பிலடெல்பியா விதி. மறுத்துப் பேசியவர் தஞ்சைத் தமிழரான கே. சந்தானம். அவர் எடுத்த உதாரணம் சென்னை மாகாணம். ஆந்திரர்கள் பிரிந்துபோக விரும்புகிறார்கள், சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருகிறார்கள், பெரும்பான்மையினர் தோற்கடிக்கிறார்கள், அத்தோடு அந்த மக்களின் வழி அடைபட்டுவிடும் என்றார். 161 ஆண்டுக்கு முன் லூதர் மார்ட்டின் வைத்த அதே வாதம்! அங்கே தோற்றது இங்கே ஜெயித்தது. தெலுங்கர் உரிமைக்காக ஒரு தமிழர் வாதாடினார் என்பது இன்றைய காதுகளுக்குப் புதிதாகக் கேட்கலாம். அதே மாதம் 4-ஆம் தேதி அம்பேத்கர் அடிப்படையைச் சொல்லியிருந்தார்: இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் விளைந்ததல்ல, ஆகவே பிரிந்துபோகும் உரிமை எதற்கும் இல்லை, இதை நிலைநாட்ட அமெரிக்கர்கள் உள்நாட்டுப் போரே நடத்த வேண்டியிருந்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1952 அக்டோபர் 19-இல் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கினார்; டிசம்பர் 15-இல் உயிர்விட்டார்; நான்கு நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1-இல் அது பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அதோடு போனது. திருத்தணியும் பொதட்டூர்பேட்டையும் கூடவே போயின. சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி பெரிதாக இருந்ததால் இந்த ஊர்களின் குரல் அப்போது தலைநகரில் எடுபடவில்லை. ஹிக்கின்சன் மேயராக இருந்த அதே மாநகராட்சி மன்றம் 1953-இல் சென்னை தமிழர்க்கே என்று தீர்மானம் போட்டது.

வடக்கெல்லைப் போராட்டம் என்று வட்டாரம் இன்றும் சொல்லும் இயக்கம் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. ஆசிரியர் மங்கலங்கிழார் எல்லை ஊர்களில் தமிழ் வகுப்புகளை நடத்தி ஆளைச் சேர்த்தார். தமிழரசுக் கழகத்தின் ம. பொ. சிவஞானம் தலைமை ஏற்றார். திருத்தணியின் கே. விநாயகம் களத்தில் நின்றார். 1953-இல் ரயில் மறியல், கடையடைப்பு, சிறை எல்லாம் நடந்தன. சிறையில் உயிர்விட்டவர்களும் உண்டு. ம.பொ.சி. கேட்டது வேங்கட மலை வரை. கிடைத்தது திருத்தணி வரை.

கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது. மாநில மறுசீரமைப்புக் குழு இந்தத் தகராறை இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. இரு அரசுகளும் ஒப்புக்கொண்டு, மத்திய அமைச்சராக இருந்த சட்ட வல்லுநர் எச். வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் பின்பற்றிய விதி மூன்றே சொல்: கிராமம், மொழிப் பெரும்பான்மை, தொடர்ச்சி. மாவட்டம், தாலுகா என்ற பெரிய அளவைகளை விட்டு ஒவ்வொரு கிராமமாக எண்ணியதால்தான் ஒரே தாலுகாவைக்கூடப் பிரிக்க முடிந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. திருப்பதி, காளத்தி, சித்தூர், புத்தூர், நகரி அங்கேயே தங்கின. டிரென்டனில் ஐந்து பேர் காரணம் சொல்லாமல் ஒரு பள்ளத்தாக்கை முழுசாக ஒரு பக்கம் தள்ளியதோடு ஒப்பிட்டால் படாஸ்கரின் வேலை நுணுக்கமானது. ஆனாலும் மொழிப் பெரும்பான்மை என்பது நூற்றுக்கு ஐம்பத்தொன்று சேர்ந்தால் மீதி நாற்பத்தொன்பதும் கூடவே போகும் கணக்கு. பொதட்டூர்பேட்டையில் தெலுங்கு பேசும் வீடுகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நகரியில் தமிழ் பேசும் நெசவாளர்கள் ஆந்திரத்தில் தங்கினார்கள்.

சட்டம் நிறைவேறியபோது ஆந்திரச் சட்டமன்ற இடங்கள் 301-இலிருந்து 300 ஆயின, சென்னையின் 205 இடங்கள் 206 ஆயின. மாநிலங்களவையின் தலைவராக அப்போது இருந்தவர் குடியரசுத் துணைத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன். திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில், 1888-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஊரை மாநிலம் மாற்றிய மசோதா அவர் தலைமை வகித்த அவையின் வழியாகத்தான் போனது.

அமெரிக்க விதி இங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்த ஒரு விஷயத்தில் ஒருவேளை இதேதான். காமராஜர் அரசும் சஞ்சீவ ரெட்டி அரசும் ஒத்துப்போய்விட்டன. கொடுப்பதற்கு ஈடாகப் பெறுவதும் இருந்தது. ஆனால் 1953-இல்? சென்னைச் சட்டமன்றம் தன் போக்கில் ஆந்திரத்தைப் பிரிய விட்டிருக்குமா, அதுவும் எந்த நிபந்தனையில், என்பது சந்தேகம். பிரிந்திராவிட்டால் எல்லைப் பிரச்சினையே வந்திராது, வேறொன்று வந்திருக்கும். அமெரிக்காவில் ஒப்புதல் விதி இணக்கமாக வேலை செய்த இடம் உண்டு: மாசசூசெட்ஸ் சம்மதித்து 1820-இல் மெயின் தனி மாநிலமானது. வடக்குக் கரோலினாவின் மேற்கு மாவட்டங்கள் 1784-இல் 'ஃபிராங்க்லின்' என்று தாமே அறிவித்துக்கொண்டது அங்கீகாரம் கிடைக்காமல் நான்கே ஆண்டில் கரைந்தது. மலைக்கு அப்பாலான விர்ஜீனியா மக்கள், மார்ட்டின் பேசியது யாருக்காகவோ அவர்கள், 1863 வரை காத்திருந்தார்கள். அப்போதும் உள்நாட்டுப் போரின் நடுவே, வீலிங் நகரில் கூடிய ஒரு மாற்று விர்ஜீனிய அரசு ஒப்புதல் தந்ததாகக் காட்டி மேற்கு விர்ஜீனியா உருவாயிற்று. ஒப்புதல் விதியை மீறவில்லை என்று காட்ட ஒப்புதல் தருபவரையே புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டு மாவட்டங்களைத் திருப்பித் தரும்படி விர்ஜீனியா போட்ட வழக்கு 1871-இல் தோற்றது.

நம் பக்கத்தில் நெகிழ்வுக்கும் விலை உண்டு. 1956-இல் பம்பாயை மூன்றாகப் பிரிக்கும் மசோதாவுக்குக் கருத்துக் கேட்டுவிட்டு, நாடாளுமன்றம் அதை ஒரே பெரிய பம்பாய் மாநிலமாக மாற்றி நிறைவேற்றியது. மாற்றத்துக்கு மறுபடி கருத்துக் கேட்கத் தேவையில்லை என்று 1959 ஆகஸ்டில் பாபுலால் பராதே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் எல்லைச் சட்டம் வந்ததும் அந்த ஆண்டில்தான். அந்தப் பெரிய பம்பாயும் நிற்கவில்லை. 1960 மே 1-இல் மகாராஷ்டிரமும் குஜராத்துமாகப் பிரிந்தது. படாஸ்கர் போல இரு தரப்பும் ஏற்கும் நடுவர் கிடைக்காத, கர்நாடகத்திடம் உள்ள பெல்காம், மகாராஷ்டிரம் 2004-இல் போட்ட வழக்காக உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. எல்லை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தும், அதைத் தொட எந்த மத்திய அரசுக்கும் துணிவு வரவில்லை. அதிகாரம் இருப்பதாலேயே வேலை நடந்துவிடாது என்பதற்குப் பெல்காம் சாட்சி. என் பார்வையில் பொதட்டூர்பேட்டையை மாற்றியதில் 3-ஆம் பிரிவுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, அந்தப் பிரிவு கேட்காத ஒப்புதலை இரு மாநிலங்களும் தாமாகவே கொடுத்ததில் இருக்கிறது.

கோடு போட்ட பிறகும் மிச்சமிருந்த விவகாரங்களை அப்படிப்பட்ட ஒப்புதல்தான் நடத்துகிறது. கொசஸ்தலை ஆறு ஆந்திரத்திலிருந்து இறங்கிப் பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டி ஏரிக்குப் போகிறது. மேலே அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால் கீழே தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். கிராமத்தை அலகாக வைத்த படாஸ்கரின் விதியில் ஆற்றுக்கு இடமில்லை. அதே பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் வருவதும் 1983-இல் இரு மாநிலங்கள் செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தால்.

சந்தானத்தின் வாதத்துக்கு ஒரு பின்குறிப்பு 2014-இல் வந்தது. அவர் வழி அடைபடக் கூடாது என்று கவலைப்பட்ட ஆந்திரர்களின் மாநிலம் இப்போது பெரும்பான்மையின் இடத்தில் நின்றது. தெலங்கானா பிரிவினை கேட்டது. ஜனவரி 30-இல் ஆந்திரச் சட்டமன்றம் மறுசீரமைப்பு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது. அறுபது ஆண்டுக்கு முன் தங்களுக்கு வழி திறந்துவிட்ட அதே பிரிவை, அநீதி என்று ஆந்திர அரசியல்வாதிகள் அப்போது தில்லியில் கண்டித்துக்கொண்டிருந்தார்கள்.